டிரையர் சுற்றவில்லை: கெப்பாசிட்டரா, மோட்டாரா, புது மிஷினா?

செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மிஷினில் துவைக்கிற பக்கம் நன்றாக ஓடும், டிரையர் மட்டும் நின்றுவிடும். மெக்கானிக்கைக் கூப்பிட்டால் "மோட்டார் போச்சு" என்பார். ஷோரூமில் கேட்டால் எக்ஸ்சேஞ்ச் போட்டுப் புதுசு எடுக்கச் சொல்வார்கள். எலக்ட்ரிகல் கடைக்காரரோ, "கெப்பாசிட்டர மாத்திப் பாருங்க" என்று, மோட்டார் சுற்றத் தொடங்க உதவும் அந்த நூறு ரூபாய்ச் சாமானை எடுத்து நீட்டுவார். மூன்று பேர் சொல்வதும் ஏதோ ஒரு வீட்டில் சரிதான். உங்கள் வீட்டுக்கு எது சரி என்பது, பின்பக்க மூடியைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் பார்த்தால் தெரிந்துவிடும். அதிலும் முக்கியமாகப் பார்க்க வேண்டியது ஒன்று: மோட்டார் மேல் தண்ணீர் இறங்கியிருக்கிறதா இல்லையா. ரிப்பேரா புதுசா என்ற கேள்வியில் பாதிக்கு மேல் அங்கேயே முடிந்துவிடும்.

துணி பிழியும் இந்த டிரையர் தொட்டி வேலை செய்யும் விதம் சிக்கலானதில்லை. அடியில் ஒரு சின்ன மோட்டார், மூன்று ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருக்கும். அதன் ஷாப்ட்டில் ஒரு கப்ளிங். கப்ளிங்கின் வெளிவட்டம்தான் பிரேக் டிரம். துணி போடும் கூடையின் ஷாப்ட் மேலிருந்து இறங்கி இந்தக் கப்ளிங்கில் போல்ட்டால் இறுக்கப்பட்டிருக்கும். ஷாப்ட் இறங்கும் இடத்தில், வெளித்தொட்டியின் அடியில் ஒரு ரப்பர் பெல்லோ சீல். பிழியும் தண்ணீர் மோட்டார் மேல் விழாமல் காப்பது அது ஒன்றுதான். மின்சாரம் டைமர் வழியாகவும் மூடியின் டோர் ஸ்விட்ச் வழியாகவும் மோட்டாருக்குப் போகிறது. மூடியைச் சாத்தினால் ஸ்விட்ச் சேரும். அதே நேரத்தில் பிரேக் ஒயர் இழுபட்டு, பிரேக் ஷூ டிரம்மை விட்டு விலகும். திறந்தால் மின்சாரம் அறுந்து, பிரேக் பிடிக்கும்.

இது தெரியாததால் நடக்கிற கூத்து ஒன்று உண்டு. மூடியைத் திறந்து கூடையைக் கையால் சுற்றிப் பார்ப்பார்கள். இறுக்கமாக இருக்கும். "ஜாம் ஆயிடுச்சு" என்று முடிவு கட்டிவிடுவார்கள். மூடி திறந்திருந்தால் பிரேக் பிடித்துத்தான் இருக்கும். நல்ல மிஷினிலும் அப்படித்தான்.

முதலில் சத்தத்தைக் கவனியுங்கள்

டைமரைத் திருப்பியதும் என்ன சத்தம் வருகிறது என்பதை வைத்தே பழுதைப் பாதியாகக் குறைத்துவிடலாம்.

சத்தமே இல்லை என்றால், முதலில் துவைக்கிற பக்கத்தை ஓடவிட்டுப் பாருங்கள். அது ஓடினால் பிளக்கிலும் மெயின் ஒயரிலும் குறையில்லை. அடுத்து டைமர். திருப்பிவிட்டால் டிக் டிக்கென்று ஓடித் தானாகப் பூஜ்யத்துக்கு வர வேண்டும். குமிழ் மட்டும் வழுக்கிக்கொண்டு சுற்றினால், அதன் உள்பக்க பிளாஸ்டிக் துளை தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். டைமர் நன்றாகவே இருக்கலாம். குமிழைப் பிடுங்கிவிட்டு டைமரின் தண்டை இடுக்கியால் திருப்பிப் பாருங்கள், ஓடினால் குமிழ் வாங்கும் செலவோடு வேலை முடிந்தது. இதற்காக டைமரையே மாற்றிக் காசு கொடுத்த வீடுகள் நிறைய.

டைமர் ஓடுகிறது, ஆனாலும் சத்தமில்லை என்றால் சந்தேகம் மூன்று இடத்தில்: டோர் ஸ்விட்ச், இடையிலுள்ள ஒயர், மோட்டார் காயில் (உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச்சுருள்). நம் ஊரில் ஒயரை முதலில் பாருங்கள், காரணம் எலி. அடிப்பக்கம் திறந்திருக்கும் மிஷினுக்குள் எலி ஏறி, மோட்டாருக்குப் போகும் ஒயர்களைக் கடித்து வைக்கும். எலிப் புழுக்கை கிடந்தால் வேறெதையும் சோதிக்கும் முன் ஒயர்களை விரலால் நீவிப் பாருங்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகு.

உம்மென்று உறுமுகிறது, கூடை நகரவில்லை என்றால் மோட்டாருக்கு மின்சாரம் போகிறது. கெப்பாசிட்டர் செத்திருக்கலாம், பிரேக் விலகாமல் இருக்கலாம், கூடைக்கும் வெளித்தொட்டிக்கும் நடுவே சாக்ஸோ கைக்குட்டையோ சிக்கியிருக்கலாம், பேரிங் துருப்பிடித்து இறுகியிருக்கலாம். இந்த உறுமலோடு ஐந்து நிமிடம் ஓடவிட்டால் நல்ல மோட்டாரும் கருகிவிடும். ஐந்து விநாடியில் சுற்றவில்லை என்றால் டைமரைப் பூஜ்யத்துக்குத் திருப்பிவிடுங்கள்.

சுற்றுகிறது, துணி மட்டும் சொட்டச் சொட்ட வருகிறது என்றால் உடனே மோட்டாரைக் குறை சொல்ல வேண்டாம். செமி ஆட்டோமேட்டிக் மிஷின்களில் பெரும்பாலும் பம்ப் கிடையாது. தண்ணீர் தன் எடையில்தான் இறங்குகிறது. வெளியேற்றும் குழாயைக் குளியலறை விளிம்பின் மேல் தூக்கி வைத்திருந்தாலோ, குழாயில் நூலும் பஞ்சும் அடைத்திருந்தாலோ, வெளித்தொட்டியில் தண்ணீர் தேங்கும். கூடை அந்தத் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே சுற்றும், வேகம் ஏறாது. துவைக்கும் பக்கத்து வால்வு ஒழுகினாலும் இதே நிலைதான், ஏனென்றால் இரண்டு தொட்டிக்கும் கடைசியில் குழாய் ஒன்றே. இவை சரியாக இருந்தும் வேகம் குறைவு என்றால் கெப்பாசிட்டர் பலமிழந்திருக்கும், அல்லது பிரேக் ஷூ லேசாக உரசிக்கொண்டிருக்கும்.

மின்அழுத்தத்தையும் மறக்கக் கூடாது. இந்த வகை மோட்டாரின் திருப்பும் விசை வோல்ட்டின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும். 230 வர வேண்டிய இடத்தில் 180 வோல்ட் வந்தால் விசை சுமார் 60 சதவீதம்தான். காலையில் சுற்றி, சாயங்காலம் உறுமுகிற டிரையருக்கு மிஷினைப் பிரிக்கும் முன் பிளக் பாயின்ட்டில் மீட்டர் வைத்துப் பாருங்கள்.

தடதடவென்று குதித்தால், ஈரத்துணியை எடுத்துச் சமமாகப் பரப்பி, மேலே அழுத்தும் பிளாஸ்டிக் தட்டை வைத்து மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் குதித்தால் மூன்று ஸ்பிரிங்கில் ஒன்று ஒடிந்திருக்கும், அல்லது கப்ளிங் போல்ட் தளர்ந்திருக்கும். போல்ட் தளர்ந்த நிலையில் தொடர்ந்து ஓட்டினால் ஷாப்ட்டில் பள்ளம் விழுந்துவிடும்; பிறகு கூடையையே மாற்ற வேண்டி வரும்.

பின்மூடியைக் கழற்றிய பிறகு

பிளக்கைப் பிடுங்குங்கள். ஸ்விட்சை அணைப்பது போதாது. பின்மூடியின் ஸ்டார் ஸ்குரூக்களைக் கழற்றினால் இரண்டு மோட்டாரும் தெரியும். முன்னாலிருந்து பார்க்கும்போது வலப்பக்கம் இருக்கும் டிரையர், பின்னாலிருந்து இடப்பக்கம் வரும். அவசரத்தில் துவைக்கும் மோட்டாரின் ஒயரைப் பிடுங்கியவர்கள் உண்டு. எதையும் தொடும் முன் ஒயர்கள் இருக்கும் நிலையைப் போனில் இரண்டு மூன்று படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். ஒரு குண்டு பல்பு ஹோல்டரின் இரண்டு ஒயரையும் அதன் முனைகளில் சில விநாடி தொடவைத்தால் இறங்கிவிடும். பிறகு டிரையரின் மேல்மூடியைச் சாத்திவிட்டு, கீழே கப்ளிங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். நல்ல மிஷினில் ஒரு தட்டுத் தட்டினால் சில சுற்று தானாக ஓடும். ஓடவில்லை என்றால் பிரேக் நெம்புகோலைக் கையால் இழுத்துப் பிடித்துச் சுற்றுங்கள். இப்போது ஓடினால் குற்றவாளி பிரேக் ஒயர்: நீண்டிருக்கும், அல்லது கொக்கி நழுவியிருக்கும். இழுத்துக் கட்டி, மூடி சாத்திய நிலையில் ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே மெல்லிய இடைவெளி தெரியும்படி வையுங்கள். நெம்புகோலை இழுத்தும் இறுக்கமாக இருந்தால் துணி சிக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மேலிருந்து டார்ச் அடித்துக் கூடையின் ஓரத்தில் பாருங்கள். கூடையை முன்னும் பின்னும் அசைத்தபடி நீள மூக்கு இடுக்கியால் மெல்ல இழுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். துணியும் இல்லை என்றால் பேரிங்தான்.

கெப்பாசிட்டரைச் சோதிக்க, அதன் அளவான மைக்ரோ ஃபாரட்டை அளக்கும் மல்டிமீட்டர் தேவை. நம்மிடம் ஓடும் பெரும்பாலான மிஷின்களில் துவைக்கும் மோட்டாருக்கு 10 மைக்ரோ ஃபாரட், டிரையருக்கு 5 அல்லது அதை ஒட்டிய அளவு. பல மாடல்களில் இரண்டும் ஒரே பெட்டிக்குள் மூன்று நான்கு ஒயரோடு இருக்கும். உங்கள் பெட்டியின் மேல் அச்சடித்திருப்பதே கணக்கு. 5 என்று போட்டிருப்பது 4.5க்குக் கீழே காட்டினால் மாற்றிவிடுங்கள். வீங்கியிருந்தாலும், எண்ணெய் கசிந்திருந்தாலும் அளக்கவே வேண்டாம். வாங்கும்போது அதே மைக்ரோ ஃபாரட், 440 வோல்ட் ஏ.சி. என்று கேட்டு வாங்குங்கள். "கொஞ்சம் பெருசா போட்டா வேகமா சுத்தும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஸ்டார்ட்டிங் காயில் சூடேறிக் கருகும். ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கிறது, சோதித்துப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் ஒரு வழி உண்டு. சீலிங் ஃபேனுக்குப் போடும் 2.5 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் இரண்டைப் பக்கம்பக்கமாக (பேரலல்) சேர்த்தால் கணக்கு 5 ஆகிவிடும். சோதனைக்கு அது போதும்.

மோட்டாரில் மூன்று ஒயர் வரும். மூன்றையும் கழற்றிவிட்டு இரண்டிரண்டாக ஓம் அளந்து எழுதுங்கள். மூன்று எண் கிடைக்கும். சின்ன எண் இரண்டையும் கூட்டினால் பெரிய எண் வர வேண்டும். வந்தால் காயில் அறுந்திருக்கவில்லை. ஏதாவது ஒரு ஜோடியில் மீட்டர் எதுவுமே காட்டவில்லை என்றால் காயில் அறுந்திருக்கிறது, அல்லது காயிலுக்குள் வைத்துக் கட்டிய தெர்மல் ஃபியூஸ் போயிருக்கிறது. சில மோட்டார்களில் அந்தப் பாதுகாப்பு சூடு தணிந்ததும் தானாகச் சேர்ந்துவிடும். ஆகவே, ஓடிக்கொண்டிருந்து நின்ற மோட்டாரை உடனே அளக்காமல் அரை மணி நேரம் ஆறவிட்டு அளப்பது நல்லது. மோட்டார் உடம்புக்கும் ஒயருக்கும் நடுவே மீட்டர் எதையாவது காட்டினால் பேச்சே இல்லை, அந்த மோட்டாரை ஓட்டக் கூடாது. ஷாக் அடிக்கும்.

இனிதான் முக்கியமான இடம். கப்ளிங்கின் மேலும் மோட்டாரின் தலையிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். போர் தண்ணீர் உபயோகிக்கும் வீடுகளில் சீல் ஒழுகினால் ஒளிக்க முடியாது: கப்ளிங்கிலிருந்து மோட்டார் மூடி வரை வெள்ளை உப்புக் கோடு இறங்கியிருக்கும், அதன் ஓரமெல்லாம் பழுப்புத் துரு. ஸ்பிரிங்கின் அடியில் பொடிப்பொடியாக உப்பு உதிர்ந்து கிடக்கும். சந்தேகமாக இருந்தால் ஒரு சோதனை. பிளக் பிடுங்கியபடியே, மோட்டார் மேல் காய்ந்த செய்தித்தாளை விரியுங்கள். வெளியேற்றும் குழாயைத் தூக்கிக் கட்டிவிட்டு டிரையர் தொட்டியில் இரண்டு மூன்று சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள். கால் மணி நேரம் கழித்துத் தாள் நனைந்திருந்தால் சீல் போய்விட்டது.

நீங்களே செய்வதா, ஆளைக் கூப்பிடுவதா

கெப்பாசிட்டர், குமிழ், பிரேக் ஒயரை இழுத்துக் கட்டுவது, சிக்கிய துணி, அடைத்த குழாய், டோர் ஸ்விட்ச் இவையெல்லாம் ஸ்குரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்த யாரும் செய்யக்கூடியவை. சாமான் செலவு பெரும்பாலும் 100 ரூபாயிலிருந்து 300 ரூபாய்க்குள் நிற்கும். இதற்கு மெக்கானிக்கைக் கூப்பிட்டால் சாமானைவிட வந்துபோகும் கூலி அதிகமாகும். அதற்காகக் கூப்பிடக் கூடாது என்றில்லை. மின்சாரம் என்றாலே கை நடுங்குபவர்கள் அந்தக் கூலியைக் கொடுத்துவிடுவதே மேல்.

டோர் ஸ்விட்ச் விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. ஸ்விட்ச் போனால் இரண்டு ஒயரையும் முறுக்கி "டைரக்ட்" கொடுத்துவிட்டுப் போகிற வழக்கம் இருக்கிறது. மிஷின் ஓடும், காசும் மிச்சம். ஆனால் மூடியைத் திறந்தாலும் மோட்டாருக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். கூடை நிமிடத்துக்கு 1300 சுற்று வாக்கில் சுற்றுகிறது. ஓடும் கூடைக்குள் நீட்டிய விரலில் ஈரப் புடவையின் முனை சுற்றிக்கொண்டால் என்ன ஆகும் என்று விவரிக்கத் தேவையில்லை. குழந்தை இருக்கும் வீட்டில் டைரக்ட் கொடுத்த டிரையரை ஓட்டவே கூடாது. அதே காரணத்துக்காக, மூடியைத் திறந்ததும் சட்டென்று நிற்காமல் நீண்ட நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும் டிரையரிலும் பிரேக் ஷூவை முதலில் பாருங்கள். துணி காய்கிறதே என்று விட்டுவைக்கிற பழுது இல்லை அது.

சீல் மாற்றுவது எல்லைக்கோட்டில் நிற்கிற வேலை. சீலின் விலை பெரிதில்லை, உழைப்புதான் பெரிது. கப்ளிங் போல்ட்கள் துருவேறி அசையாது. துரு நீக்கி தெளித்து ஊறவிட வேண்டும். அவசரப்பட்டு ஸ்பேனரைத் திருகினால் போல்ட் தலை உருண்டுபோகும், பிறகு கடைசல் பட்டறைக்குத்தான் போக வேண்டும். போல்ட் தளர்ந்ததும் கூடையை நேராக மேலே தூக்கினால் ஷாப்ட்டோடு வரும். பழைய சீலைப் பிடுங்கி, அது உட்கார்ந்திருந்த வளையத்தில் உள்ள உப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, புது சீலின் ஓரத்தில் பாத்திரம் கழுவும் திரவத்தைத் தடவி அழுத்தினால் சரியாக உட்காரும். சீலின் உதட்டுக்குள்ளும் ஷாப்ட்டிலும் தண்ணீரில் கரையாத கிரீஸ் தடவ வேண்டும்.

கூடையைத் திரும்ப இறக்கும் முன் ஷாப்ட்டை நகத்தால் வருடிப் பாருங்கள். மேலோட்டமான துரு என்றால் நைஸ் எமரித் தாளால் தேய்த்தால் போய்விடும். சீல் உரசிய இடத்தில் நகம் தட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால், எத்தனை புது சீல் போட்டாலும் சில மாதத்தில் கிழிந்துவிடும். பெரும்பாலான மாடல்களில் ஷாப்ட் கூடையோடு சேர்த்தே வருவதால் கூடையை மாற்றினால்தான் தீரும். செலவு இங்கேதான் திடீரென்று ஏறுகிறது. பழைய மாடல் என்றால் அந்தக் கூடை கிடைப்பதே கஷ்டம். எந்த மெக்கானிக்கும் போனில் சொல்லும் விலையில் இதைச் சேர்த்திருக்க மாட்டார், பிரித்த பிறகுதான் தெரியும்.

மோட்டார் போனது உறுதியானால்

மோட்டார் மட்டும் 1,000 முதல் 2,000 ரூபாய், கூலி தனியாக. ஊருக்கும் கம்பெனிக்கும் ஏற்ப முன்பின் இருக்கும். இங்கே மூன்று வழி: கம்பெனி மோட்டார், வெளி மோட்டார், பழையதையே ரீவைண்டிங் (காயிலைப் புதுசாகச் சுற்றுவது).

ரீவைண்டிங்கை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். தண்ணீர் மோட்டாருக்கும் மிக்சிக்கும் அது கட்டுப்படியாகலாம். இந்தச் சின்ன மோட்டாருக்குச் சுற்றுக்கூலி கிட்டத்தட்ட புது மோட்டார் விலையைத் தொடும், தேய்ந்த பேரிங் அப்படியே இருக்கும். பொருத்துகிற மாதிரி மோட்டார் எங்குமே கிடைக்காத பழைய மாடலுக்கு மட்டும் அது சரி.

கம்பெனி மோட்டாரின் லாபம், அளவு பொருந்தும் என்பதும் பில்லோடு வாரண்டி வரும் என்பதும். வெளி மோட்டார் விலை குறைவு. ஆனால் ஷாப்ட்டின் தடிமன், உயரம், மூன்று போல்ட் துளைகளின் இடைவெளி, சுற்றும் திசை நான்கும் ஒத்துப்போக வேண்டும். பழைய மோட்டாரைக் கையோடு கடைக்கு எடுத்துப் போய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குவதுதான் ஒரே வழி. மாடல் நம்பரைச் சொல்லி வாங்கி வந்தால் ஒரு நடை வீணாகும் வாய்ப்பு அதிகம்.

காப்பர் காயிலா, அலுமினியமா என்றும் கேளுங்கள். அலுமினியக் கம்பியின் மேலும் செம்பு நிற வார்னிஷ் பூசியிருப்பதால் கண்ணால் பார்த்து நம்ப முடியாது. கைக்கு எடை தெரியும். ஒரே அளவில் அலுமினியம் லேசாக இருக்கும். கம்பியின் முனையைச் சுரண்டினால் வெள்ளை தெரியும். அலுமினியம் போட்டாலே உடனே போய்விடும் என்பதில்லை. ஆனால் அது மின்தடை கூடியது, இணைப்பு முனைகளில் பலவீனமும் அதில்தான் வரும். வோல்டேஜ் ஏறி இறங்கும் ஊரில் இருநூறு முந்நூறு ரூபாய் கூடப் போட்டுக் காப்பர் வாங்குவது நியாயமான செலவு.

எந்த மோட்டார் போட்டாலும், சீலையும் அதே தடவையில் மாற்றச் சொல்லுங்கள். பழையது நன்றாகத்தான் இருக்கிறது என்று மெக்கானிக் சொன்னாலும் சரி. மோட்டாரை இறக்க எப்படியும் கப்ளிங்கைக் கழற்றுகிறார். சீலுக்கு என்று தனியாக இன்னொரு நாள் அதே போல்ட்களோடு போராட வேண்டியதில்லை. மோட்டார் மாற்றி ஆறு மாதத்தில் மறுபடி போய்விட்டது என்ற புகார்களில், மோட்டாரின் தலையைப் பார்த்தால் அதே வெள்ளைக் கோடு இருக்கும். அந்தத் தடவை கெட்டது மோட்டார், கெடுத்தது சீல்.

வாரண்டி அட்டையையும் எடுத்துப் பாருங்கள். மோட்டாருக்கு 5 வருடம், 10 வருடம் என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பது துவைக்கும் மோட்டாருக்கு மட்டுமா, டிரையர் மோட்டாருக்கும் சேர்த்தா என்பது உள்ளே சின்ன எழுத்தில்தான் இருக்கும். சேர்த்துத்தான் என்றாலும், கூலியும் வந்துபோகும் கட்டணமும் பெரும்பாலும் உங்கள் தலையில். எலி கடித்ததற்கு வாரண்டி கேட்டால் கிடைக்காது.

எப்போது நிறுத்திக்கொள்வது

மோட்டார், சீல், கூலி எல்லாம் சேர்ந்து 2,500 வாக்கில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். புது செமி ஆட்டோமேட்டிக் சுமார் 8,000 முதல் 12,000 ரூபாய். துவைக்கும் பக்கம் சத்தமில்லாமல் ஓடுகிறது, அடிப்பலகை விரிசல் இல்லை, மிஷினுக்கு ஐந்தாறு வயதுதான் என்றால் யோசிக்காமல் ரிப்பேர் செய்யலாம். கூடையும் மாற்ற வேண்டும், துவைக்கும் பக்கத்து கியர் பாக்ஸும் கடகடக்கிறது, வால்வு ஒழுகுகிறது என்றால் அந்த 2,500 அடுத்த செலவுக்கு முன்பணம்தான். மோட்டாரின் ஸ்பிரிங் உட்காரும் இடத்தில் அடிப்பலகை உடைந்திருந்தால் அத்தோடு விட்டுவிடுங்கள். எம்-சீல் வைத்து ஒட்டிக் கொடுப்பார்கள். அந்த அதிர்வுக்கு அது நிற்காது.

புதுசு என்று முடிவானால் பலரும் "இந்தத் தடவை ஃபுல் ஆட்டோமேட்டிக்" என்று கிளம்புவார்கள். துணி எவ்வளவு காய்ந்து வரும் என்ற ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தால், அது முன்னேற்றம் இல்லாமலும் போகலாம். பிழியும் விசை, சுற்றும் வேகத்தின் வர்க்கத்தையும் கூடையின் ஆரத்தையும் பொறுத்தது. செமி ஆட்டோமேட்டிக்கின் கூடை சின்னது, ஆரம் 12 செ.மீ. என்று கொள்ளலாம், 1350 சுற்றில் அது புவியீர்ப்பைப் போல் சுமார் 245 மடங்கு விசையைத் துணி மேல் போடுகிறது. மேலே மூடி வைத்த (டாப் லோடு) ஃபுல் ஆட்டோமேட்டிக்கில் ஆரம் 24 செ.மீ., வேகம் 700 என்றால் விசை 130 மடங்குதான். முன்கதவு மிஷினில் அதே ஆரத்தில் 1200 சுற்று: 385 மடங்கு. டாப் லோடுக்கு மாறியவர்கள் "பழைய மிஷின்ல துணி இன்னும் காஞ்சு வருமே" என்று சொல்வது பிரமை இல்லை. ஐப்பசி கார்த்திகை மழையில் துணி காய்வதுதான் உங்கள் பிரச்சினை என்றால், ஒன்று செமியிலேயே இருங்கள், அல்லது பட்ஜெட்டைக் கூட்டி முன்கதவுக்குப் போங்கள். ஆள் நிற்காமல் துவைத்து முடிய வேண்டும் என்பது முதல் தேவையென்றால் டாப் லோடு சரி. கொடியில் கூடுதல் நேரம் தொங்கட்டும்.

தனி ஸ்பின் டிரையரும் கிடைக்கிறது. கையால் துவைக்கும் வீட்டுக்கும், துவைக்கும் பக்கம் மட்டும் நன்றாக ஓடி டிரையர் பக்கம் சரிசெய்யவே முடியாமல் போன மிஷினுக்கும் பொருந்தும். உள்ளே இருப்பது நாம் இதுவரை பார்த்த அதே மோட்டார், அதே சீல், அதே பிரேக். ஆகவே, ஸ்பேர் எங்கே கிடைக்கும் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

சூட்டில் உலர்த்தும் டிரையர் வேறு கணக்கு. துணியில் உள்ள ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்கக் குறைந்தது 0.63 யூனிட் அளவுக்கு வெப்பம் வேண்டும். ஹீட்டர் வைத்த சாதாரண டிரையரில் வீணாவதையும் சேர்த்தால் முக்கால் யூனிட்டுக்குக் குறையாது. சரியாகப் பிழியாத துணியில் நான்கு லிட்டர் தண்ணீர் இருந்தால் ஒரு தடவைக்கே மூன்று யூனிட். ஸ்பின் டிரையர் ஐந்து நிமிடம் ஓட நூறில் இரண்டு பங்கு யூனிட்கூட ஆகாது. ஆகவே சூடு டிரையர் வாங்கினாலும் நன்றாகப் பிழியும் மிஷின் ஒன்று முன்னால் இருந்தே ஆக வேண்டும். மொட்டை மாடியோ பால்கனியோ இல்லாத அடுக்குமாடி வீட்டுக்கு அது நல்லதுதான். ஹீட் பம்ப் வகை என்றால் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகக் குறையும், விலை அதற்கேற்ப ஏறும். துவைத்து உலர்த்தும் இரண்டையும் ஒரே மிஷினில் தருவதாகச் சொன்னால், துவைக்கும் அளவையும் உலர்த்தும் அளவையும் தனித்தனியாகக் கேளுங்கள். 8 கிலோ துவைத்து 5 கிலோ உலர்த்துவது வழக்கம். மீதி 3 கிலோவை வெளியே எடுத்துப் போட வேண்டும்.

மெக்கானிக் வேலை முடித்தார் என்றால் காசு கொடுக்கும் முன் ஒரு ஓட்டம். நனைந்த டர்க்கி டவல் மூன்று நான்கைச் சமமாகப் பரப்பிப் போட்டு ஐந்து நிமிடம் ஓட்டச் சொல்லுங்கள். இரண்டு நிமிடம் போனதும் மூடியைத் தூக்குங்கள். கூடை பத்துப் பதினைந்து விநாடிக்குள் நின்றாக வேண்டும். மறுபடி சாத்தி மிச்ச நேரத்தையும் ஓட்டிவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, பின்மூடியைப் போடும் முன் மோட்டாரின் தலையைக் காய்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள், ஈரம் ஒட்டக் கூடாது. கழற்றிய பழைய மோட்டாரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காப்பர் காயில் என்றால் பழைய இரும்புக் கடையில் எடைக்கு எடுத்துக்கொள்வார்கள்.